ஏஐ ஏஜென்ட்டின் கையில் எஸ்எஸ்எச்: எதை எழுதிவைப்பது, எதைப் பூட்டிவைப்பது

தொலைவில் இருக்கும் சர்வரில் பாதுகாப்பாக நுழைந்து வேலை வாங்க இன்றும் பெரும்பாலும் எஸ்எஸ்எச்தான் (செக்யூர் ஷெல்) பயன்படுகிறது. 1995இல் பின்லாந்தின் டாட்டு யுலோனென் எழுதிய நிரல் அது. 1999இல் ஓப்பன்பிஎஸ்டி குழு ஓப்பன்எஸ்எஸ்எச்சை வெளியிட்ட பிறகு எல்லா இடங்களுக்கும் பரவியது. டெர்மினல் முன்னால் ஒரு மனிதர் இருப்பார் என்று எண்ணிச் செய்தது என்பதால், புதிய சர்வரைக் கண்டால் 'நம்பலாமா?' என்று கேட்கும், கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் சாவிக் கோப்பைத் திறக்கக் கடவுத்தொடர் கேட்கும். தானே கட்டளைகளை ஓட்டி வேலை முடிக்கும் ஏஐ ஏஜென்ட் முதலில் மாட்டிக்கொள்வது இந்தக் கேள்விகளில்தான். கட்டளை முடியட்டும் என்று ஏஜென்ட் காத்திருக்கும். கட்டளையோ பதில் வரட்டும் என்று காத்திருக்கும்.

ஆகவே முதல் வேலை, கேள்விகளை மூடுவது. எஸ்எஸ்எச்சின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் அந்த சர்வருக்கான பகுதியில் 'பேட்ச்மோட் யெஸ்' என்று இட்டால் எஸ்எஸ்எச் எதையும் கேட்காது. முடியாவிட்டால் உடனே தோற்றுப்போகும். ஏஜென்ட்டுக்கு அந்தத் தோல்வி ஒரு தகவல். முடிவில்லாத மௌனத்தால் பயன் ஏதும் இல்லை. 'கனெக்ட்டைம்அவுட் 10' இணைப்புக்கான காத்திருப்பை 10 விநாடிக்குள் அடக்கும். 'சர்வர்அலைவ்இன்டர்வல் 15' என்று வைத்தால், இயல்பான 3 தவறவிடலோடு சேர்த்து, செத்துப்போன இணைப்பு ஏறக்குறைய 45 விநாடியில் அறுந்துவிடும். நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் சூடோவுக்கும் இதே நியாயம்தான்: '-என்' சேர்த்தால் கடவுச்சொல் கேட்காமல் பிழையோடு திரும்பும்.

சர்வரின் அடையாளச் சாவியைச் சரிபார்ப்பதை 'நோ' என்று அணைத்துவிடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். நடுவில் யாராவது சர்வர் வேடம் போட்டால் காட்டிக்கொடுப்பது அந்தச் சரிபார்ப்புதான். சர்வரின் பொதுச் சாவியை நம்பகமான வழியில் வாங்கி, தெரிந்த சர்வர்களின் பட்டியலான 'நோன் ஹோஸ்ட்ஸ்' கோப்பில் முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

கான்ஃபிக் கோப்பில் பலரும் சறுக்கும் இடம் வரிசை. ஒரே விருப்பம் இரண்டு இடத்தில் வந்தால் முதலில் வந்த மதிப்பே செல்லும், பின்னால் வந்தது அதை மாற்றாது. எனவே குறிப்பிட்ட சர்வர்களின் பகுதிகள் மேலே, எல்லாவற்றுக்குமான நட்சத்திரப் பகுதி கடைசியில். 'எஸ்எஸ்எச் -ஜி' (பெரிய எழுத்து ஜி) என்று சர்வரின் பெயரோடு ஓட்டினால், இணையாமலேயே இறுதி மதிப்புகள் எல்லாம் திரையில் வரும். ஏஜென்ட்டை அனுப்பும் முன் அதை ஒருமுறை படியுங்கள். குறித்த சாவியை மட்டும் முயலச் சொல்லும் 'ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்' இல்லையென்றால், சாவி முகவர் என்ற துணை நிரல் நினைவகத்தில் வைத்திருக்கும் சாவிகள் ஒவ்வொன்றாக முயலப்பட்டு, சர்வரின் இயல்பான வரம்பான 6 முயற்சி தீர்ந்து, சரியான சாவி வரும் முன்பே கதவு சாத்தப்படலாம்.

இனி ஏஜென்ட் படிக்கும் ஆவணம். மனிதருக்கு எழுதும் கையேட்டில் 'பிழை வந்தால் பார்த்துக்கொள்ளவும்' என்றால் போதும். ஏஜென்ட்டுக்கு ஒவ்வொரு பிழைக்கும் அடுத்த அடி வேண்டும். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஒரு வெளியேறும் எண்ணைத் தரும்; எஸ்எஸ்எச் தானே தோற்றால் அது 255. மற்றபடி தொலைவில் ஓடிய கட்டளையின் எண்ணே திரும்பிவரும். இந்த வேறுபாட்டை எழுதாமல் விட்டால், நெட்வொர்க் அறுந்ததைக் கட்டளையின் பிழை என்று எண்ணி ஏஜென்ட் நிரலைத் திருத்தக் கிளம்பிவிடும். சில நேரம் தொலைக் கட்டளையும் 255 தரக்கூடும் என்பதால், கட்டளையின் தலையில் ஓர் அடையாளச் சொல்லை அச்சிடச் செய்யுங்கள். அது வந்திருந்தால் இணைப்பு கிடைத்தது என்று பொருள்.

மேற்கோள் குறி இன்னொரு வலை. எஸ்எஸ்எச் தனக்குக் கொடுத்த சொற்களை இடைவெளி விட்டு ஒன்றாக்கி அனுப்பும், கட்டளைகளைப் படித்து ஓட்டும் தொலைவில் உள்ள ஷெல் அதை மறுபடி பிரிக்கும். பெயரில் இடைவெளி உள்ள ஒரு கோப்பு அங்கே இரண்டு கோப்புகளாகிவிடும். அழிக்கும் கட்டளையில் இது நேர்ந்தால் வேறு கோப்பே போய்விடலாம். கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்ட்டாக எழுதி, அங்குள்ள பாஷ் என்ற ஷெல்லுக்கு 'பாஷ் -எஸ்' என்று உள்ளீடாக அனுப்புவது மேல். ஆனால் அந்த ஸ்கிரிப்ட்டுக்குள் உள்ளீட்டைப் படிக்கும் கட்டளை எதுவும் இருந்தால் மீதி வரிகளை அதுவே விழுங்கிவிடும்.

நேரம் தீர்ந்து ஏஜென்ட் எஸ்எஸ்எச்சை நிறுத்தினாலும் அங்கே ஓடும் வேலை நிற்காமல் போகலாம். தொலைக் கட்டளையின் முன்னாலேயே 'டைம்அவுட் 60' சேருங்கள். நேரம் மீறினால் 124 என்ற எண் வரும். அதன் பொருளையும் ஆவணத்தில் எழுதுங்கள்.

ஆவணத்தில் 'இதை அழிக்காதே' என்று எழுதுவது வழிகாட்டல் மட்டுமே. ஏஜென்ட் படிக்கும் லாக் (சர்வரின் பதிவேடு) வரியிலேயே யாராவது ஒரு பொய்க் கட்டளையைப் புதைத்து வைக்கலாம், ஏஜென்ட்டும் அதை நம்பிவிடலாம். தடை சர்வரில்தான் இருக்க வேண்டும். ஏஜென்ட்டுக்குத் தனிப் பயனர் கணக்கும் எட்25519 வகையில் தனிச் சாவியும் கொடுங்கள். சர்வரின் அனுமதிச் சாவிக் கோப்பில் ('ஆதரைஸ்டு கீஸ்') அந்தச் சாவியின் முன்னால் 'ரெஸ்ட்ரிக்ட்' எழுதினால் இணைப்பு வழியே வேறு நெட்வொர்க் போக்குவரத்தைக் கொண்டுபோகும் போர்ட் திருப்பலும், சாவி முகவரை சர்வருக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்துவதும், டெர்மினல் பெறுவதும் மூடப்படும். கூடவே 'கமாண்ட்' விருப்பத்தில் ஒரு ஸ்கிரிப்ட்டைக் குறித்தால், ஏஜென்ட் எதைக் கேட்டாலும் அந்த ஸ்கிரிப்ட்தான் ஓடும். கேட்ட கட்டளை, ஸ்கிரிப்ட் படிக்கக்கூடிய ஒரு சூழல் மாறியில் வரும். அதை அனுமதிப் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், ஷெல்லிடம் அப்படியே ஒப்படைக்காதீர்கள்.

நிலையான சாவிக்குப் பதிலாக, தானே காலாவதியாகும் சான்றிதழைக் கொடுப்பது இன்னும் நல்லது. சாவிகளையும் சான்றிதழ்களையும் உருவாக்கும் எஸ்எஸ்எச்-கீஜென்னில் '-வி -5எம்:+1எச்' (பெரிய எழுத்து வி) என்று கொடுத்தால் 5 நிமிடம் முன்னதாகத் தொடங்கி 1 மணி நேரத்தில் முடியும். அந்த 5 நிமிடம், கடிகாரம் சற்றுப் பின்தங்கிய சர்வருக்காக. காலம் முடிந்தபின் ஏஜென்ட்டுக்குத் தெரிவது 'பர்மிஷன் டினைட்' என்ற செய்தியும் 255உம்தான். அப்போது வேறு சாவி தேடாமல், வேறு பயனர் பெயரை முயலாமல், நின்று மனிதரிடம் புதுச் சான்றிதழ் கேட்க வேண்டும் என்று ஆவணத்தில் தனி வரியாக எழுதுங்கள்.