திமோர் கடல்: எரிவாயு யாருடையது என்பதை எந்தக் கோடு சொல்லும்?

கிழக்கு திமோரிலிருந்து சுமார் 150 கி.மீ., ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலிருந்து சுமார் 450 கி.மீ. தொலைவில் கடலடியில் கிடக்கிறது கிரேட்டர் சன்ரைஸ் எரிவாயு வயல். 1974-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இருப்பு ஏறக்குறைய 5 டிரில்லியன் கன அடி. தொலைவை மட்டும் பார்த்தால் உரிமை யாருக்கு என்பதில் பெரிய குழப்பம் இல்லை. குழப்பத்தை உண்டாக்கியது கடலடியின் வடிவம்.

ஆஸ்திரேலியாவின் வடகரையிலிருந்து கடல்தரை ஆழம் குறைந்த மேடையாக நெடுந்தூரம் நீள்கிறது. இதுதான் கண்டத்திட்டு. திமோர் தீவை நெருங்கும்போது அது சரிந்து, 3,000 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள திமோர் அகழியில் இறங்குகிறது. ஒரு நாட்டின் நிலம் கடலுக்கடியில் இயற்கையாக எதுவரை தொடர்கிறதோ அதுவரை அந்த நாட்டுக்கே என்ற கருத்து அன்று செல்வாக்கோடு இருந்தது. அதை வைத்து, அகழிதான் எல்லை என்றது ஆஸ்திரேலியா. 1972-இல் திமோர் தீவின் மேற்குப் பாதியை ஆண்ட இந்தோனேசியா ஏறக்குறைய அதற்கு இணங்கியது. கிழக்குப் பாதியான கிழக்கு திமோரை ஆண்ட போர்ச்சுகல் இணங்கவில்லை. அதனால் எல்லைக்கோட்டின் நடுவே ஓர் இடைவெளி விழுந்தது.

அந்த வாதத்தை நிலவியலே தாங்கவில்லை. ஆஸ்திரேலியாவைத் தாங்கி நகரும் பூமியின் பெரும் பாறைப் பாளமான கண்டத்தட்டு அகழியோடு முடிவதில்லை. வடக்கு நோக்கி நகரும் அந்தத் தட்டு, வில் போல வளைந்த பண்டா தீவு வரிசையின் கீழ் செருகி மோதியதால் வளைந்து தாழ்ந்த இடமே அகழி. அதே மோதலில் மேலே தள்ளப்பட்டதுதான் திமோர். ஆஸ்திரேலியக் கண்டத்தின் ஓரத்தில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த பாறைகள் இன்று திமோர் மலைகளில் இருக்கின்றன. இயற்கைத் தொடர்ச்சிதான் அளவுகோல் என்றால், திமோரும் அதே கண்டத்தின் தொடர்ச்சியே!

சட்டமும் மாறியது. 1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை ஒவ்வொரு கரையோர நாட்டுக்கும் 200 கடல்மைல் வரை உரிமை தந்தது. அந்தத் தொலைவுக்குள் கடலடி வடிவத்துக்கு இடமில்லை என்று 1985-இல் லிபியா–மால்டா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் முறை எளிது: இரு கரைகளிலிருந்தும் சம தூரத்தில் உள்ள புள்ளிகளை இணைத்து முதலில் நடுக்கோடு வரைவார்கள், கரைகளின் நீளம், தீவுகள் போன்றவற்றைப் பார்த்துத் தேவையானால் நகர்த்துவார்கள்.

ஆனால் 1975-இல் இந்தோனேசியா கிழக்கு திமோரைக் கைப்பற்றியிருந்தது. 1989-இல் ஆஸ்திரேலிய, இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர்கள் திமோர் கடலின் மேலே பறந்த விமானத்தில் பங்கீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்தக் கடலுக்கு உரிய மக்களை யாரும் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் போர்ச்சுகல் தொடுத்த வழக்கில், கிழக்கு திமோர் மக்களின் சுயநிர்ணய உரிமையை ஏற்ற சர்வதேச நீதிமன்றம், இந்தோனேசியா தரப்பாக இல்லாததால் தீர்ப்பளிக்க முடியாது என்று 1995-இல் கைவிரித்தது.

2002 மே மாதம் கிழக்கு திமோர் விடுதலை பெற்றது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, கடல் எல்லை வழக்குகளில் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதிலிருந்து ஆஸ்திரேலியா விலகிக்கொண்டது. புதிதாகப் பிறக்கவிருந்த ஓர் ஏழை நாட்டுக்கு நீதிமன்றக் கதவை இப்படி முன்கூட்டியே அடைத்தது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

திறந்திருந்தது ஒரு சிறு வழி. எல்லை வழக்குகளிலிருந்து விலகிய நாட்டையும் சமரசக் குழுவின் முன் அழைக்கலாம் என்று கடல் சட்ட உடன்படிக்கையிலேயே இருக்கிறது. குழுவின் பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் வந்து உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். அதுவரை யாரும் பயன்படுத்தாத இந்த ஏற்பாட்டை 2016-இல் கிழக்கு திமோர் கையில் எடுத்தது. குழுவுக்கு அதிகாரமில்லை என்ற ஆஸ்திரேலியாவின் ஆட்சேபம் எடுபடவில்லை. 2018 மார்ச் 6 அன்று நியூயார்க்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லையின் முக்கியப் பகுதி நடுக்கோட்டையே ஒட்டிச் செல்கிறது.

கிரேட்டர் சன்ரைஸ் வயலை இரண்டு நாடுகளும் சேர்ந்து நிர்வகிக்கும். எரிவாயுக் குழாய் கிழக்கு திமோருக்குப் போனால் அரசு வருவாயில் அதற்கு 70 சதவீதம். ஆஸ்திரேலியாவுக்குப் போனால் கிழக்கு திமோருக்கு 80 சதவீதம். எரிவாயுவைப் பதப்படுத்தும் ஆலையும் வேலைவாய்ப்பும் தன் மண்ணுக்கு வருமென்றால் 10 சதவீதத்தை விடத் தயார் என்பதே கிழக்கு திமோரின் நிலை. எல்லையின் இரு பக்கவாட்டுக் கோடுகளில் சில பகுதிகள் தற்காலிகமானவை. இந்தோனேசியாவோடு கிழக்கு திமோர் தன் கடல் எல்லையை முடிவு செய்த பிறகு அவை மாறக்கூடும்.