எட்டுக் குளிசையும் ஈரலின் கையிருப்பும்

திருகோணமலையில் மாரி தொடங்கினால் வீட்டில் ஒருவருக்காவது காய்ச்சல், தடிமன் வந்துவிடும். "ரெண்டு பனடோல் தாங்கோ" என்று கடையில் வாங்கி விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்போம். ஈரல் மட்டும் அதற்குக் கணக்கு வைத்திருக்கும்.

ஒரு பனடோல் குளிசையில் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் என்ற மருந்து இருக்கிறது. பெரும்பகுதியை ஈரல் பக்குவமாக மாற்றிச் சிறுநீரோடு அனுப்பிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் நச்சுப் பொருளாக மாறும். அதைப் பிடித்து அடக்குவதற்கென்றே ஈரலில் குளூட்டாதயோன் என்ற பொருள் இருக்கிறது. ஆனால் கையிருப்பு கொஞ்சம்தான். குளிசை கூடினால் அது தீர்ந்துபோய், நச்சு ஈரலின் கலங்களையே அழிக்கத் தொடங்கும்.

வளர்ந்தவர்களுக்கு ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு குளிசை, குறைந்தது நாலு மணித்தியால இடைவெளி, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும், அதிகம் குடிப்பவர்களும், ஈரல் நோய் உள்ளவர்களும் இதைவிடக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும். எவ்வளவு என்று வைத்தியரிடம் கேளுங்கள். சரி, எட்டோடு நிறுத்திவிட்டோம் என்று இருந்தால், தடிமனுக்கு வாங்கிய குளிசைக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கலாம். பெட்டியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

குளிசை கூடிவிட்டால் முதல் நாள் குமட்டலோடு போய்விடும், சிலருக்கு அதுகூட இருக்காது. ஈரல் கெட்டது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். நச்சை முறிக்கும் மருந்தோ குளிசை விழுங்கி எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் சுகமாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு வயதைவிட நிறைதான் முக்கியம். கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். 12 கிலோப் பிள்ளைக்கு 180 மில்லிகிராம். போத்தலில் "5 மில்லிலீற்றரில் 120" என்று இருந்தால் ஏழரை மில்லிலீற்றர். அதே ஏழரையை "5 மில்லிலீற்றரில் 250" என்ற போத்தலில் இருந்து ஊற்றினால் இரண்டு மடங்கையும் தாண்டிவிடும். கரண்டியையும் நம்ப முடியாது. எங்கள் குசினியில் இரண்டு தேக்கரண்டியில் தண்ணீர் எடுத்து ஊசிக் குழாயால் அளந்து பார்த்தேன். ஒன்றில் மூன்றரை, மற்றதில் ஆறு! பாணி மருந்தோடு வரும் அளவுக் கிண்ணத்தை எறிந்துவிடாதீர்கள். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியரிடம் காட்டாமல் எதுவும் கொடுக்கக் கூடாது.

இபுபுரொபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் போன்ற வலி மருந்துகள் எல்லாம் வேறு சாதி. வயிற்றைப் புண்ணாக்கும், இரத்தம் உறைவதையும் குழப்பும். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதைப் பார்த்த ஊர் இது. டெங்குவோ என்று சந்தேகம் இருக்கும் காய்ச்சலில் இவற்றைத் தொடவே கூடாது, பரசிற்றமோல் மட்டும்தான். அதற்கும் அளவு உண்டு, ஏனென்றால் டெங்கு ஈரலையும் தாக்கும். காய்ச்சல் இறங்கவில்லையே என்று இரண்டு மணித்தியாலத்தில் அடுத்த குளிசையைக் கொடுக்காமல், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள்.