பனிச்சையை வெட்டினால் கருங்காலி கிடைக்காது

மூதூர்ப் பக்கம் குளக்கட்டில் நின்ற பெரிய பனிச்சை ஒன்றைச் சாய்த்துவிட்டார்கள். பட்டை கறுப்பாம், அதனால் கருங்காலியாம். துண்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். வெட்டுமுகம் முழுக்கச் சாம்பல் நிறம். கருங்காலி மாலை மோகம் பிடித்த நாள்முதல் இப்படி வரும் துண்டுகளைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துவிட்டது.

இரண்டும் டயோஸ்பைரஸ் என்ற ஒரே பேரினம்தான். பனிச்சை நீர்க்கரை மரம். குளக்கரை, ஆற்றோரம் எங்கும் நிற்கும். இலை நீண்டு தடித்திருக்கும், தளிர் சிவந்து வரும், காயில் பிசின் ஒட்டும். நைலோன் வருமுன் பருத்தி வலைக்குச் சாயம் ஏற்றியது இந்தக் காயில்தான். கருங்காலி உலர்காட்டு மரம். இலை சிறியது, மினுக்கமானது. காயும் சிறியது, காம்போடு ஒட்டிய தடித்த புல்லி இதழ் அதைக் கிண்ணம்போலப் பிடித்திருக்கும். வளர்ச்சியோ மிக மெது. வெட்டி வெட்டியே அருகிப்போய், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைச் சொல்லும் இலங்கையின் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது.

ஒன்றைத் தயவுசெய்து விளங்கிக்கொள்ளுங்கள். கருங்காலியின் கறுப்பு, பட்டையில் இல்லை. உள்ளே வைரத்தில், அதாவது முற்றிய நடுமரத்தில் மட்டுமே இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மரம் வெளிர் மஞ்சள். இளமரத்தை வெட்டினால் கறுப்பே இல்லாமலும் போகலாம். வெளியே நின்று பார்த்து உள்ளே எவ்வளவு வைரம் என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால்தான் வெட்டிப் பார்க்கிறார்கள், வைரம் இல்லையென்றால் அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள்.

“தண்ணீரில் போட்டேன், தாழ்ந்தது, அசல்தான்” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நன்றாக வைரம் பாய்ந்த பாலை மரமும் தாழும். மணி ஒன்றைப் பிளந்து பாருங்கள். சாயம் பூசியதென்றால் உள்ளே வெளுத்திருக்கும். உள்ளேயும் கறுப்பு என்றால் சந்தோஷப்பட என்ன இருக்கிறது? எங்கோ ஒரு முதுமரம் விழுந்திருக்கிறது. போலி உங்கள் காசைத் தின்னும், அசல் காட்டைத் தின்னும். இரண்டையும் வாங்காதீர்கள்.

அரச காட்டில் மரம் வெட்டுவது குற்றம். “விறகுக்குத்தான்” என்ற கதை எடுபடாது. குளக்கட்டுப் பனிச்சையைத் தொடாதீர்கள், கரையை இறுக்கிப் பிடித்திருப்பது அதன் வேர். உங்கள் காணியில் கருங்காலிக் கன்று முளைத்திருந்தால் துப்புரவாக்குகிறோம் என்று பிடுங்கிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். காட்டில் பெரிய மரத்தைக் கண்டால் படமெடுத்து இடத்தின் பெயரோடு முகநூலில் போடவும் வேண்டாம். வாள் கொண்டு வருகிறவனும் அதைப் பார்க்கிறான்.