சொல் விளக்கம்: கொள்கலனும் உள்பேசியும்

இணையத்தில் புடவை விற்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "டாக்கர் எடுக்கலாமா, இன்டர்காம் எடுக்கலாமா? எது மலிவா வரும்?" கடைக்குத் தளம் அமைத்துத் தருபவர் கொடுத்த விலைப்பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருந்தனவாம். இரண்டும் மென்பொருள்தானே, ஒன்று போதும் என்று அவரே முடிவுகட்டிவிட்டார். டாக்கர் நிரலைப் பெட்டி கட்டி ஓட வைப்பது, இன்டர்காம் வாடிக்கையாளரோடு பேச வைப்பது. லாரி வாங்கலாமா, டெலிபோன் வாங்கலாமா என்று கேட்பது போலத்தான் இது. ஆனால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டுமே கடன் வாங்கிய பெயர்கள். ஒன்று துறைமுகத்திலிருந்து வந்தது, இன்னொன்று அலுவலக மேசையிலிருந்து வந்தது.

டாக்கர் என்றதும் கூடவே வரும் சொல் கன்டெய்னர். நம் ஊரில் கன்டெய்னர் என்றால் லாரிதான் நினைவுக்கு வரும். 2016 தேர்தல் நேரத்தில் திருப்பூர் பக்கம் 570 கோடி ரூபாயோடு மூன்று லாரிகள் நிறுத்தப்பட்ட பிறகு, சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் கன்டெய்னர் என்றே எழுதுகின்றன, சில நேரம் சரக்குப் பெட்டகம் என்கின்றன. இலங்கைப் பத்திரிகைகளில் கொள்கலன் என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. என் ஓட்டு இலங்கைக்கே.

காரணம், கலம் என்ற சொல்லின் வளம். கலம் என்றால் பாத்திரம்: மட்கலம், உண்கலம். கலம் என்றால் கப்பலும்தான்: மரக்கலம், கலங்கரை விளக்கம், இப்போது விண்கலம். முசிறிக்கு யவனரின் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. நெல் அளக்கவும் கலம் உண்டு, 12 மரக்கால் ஒரு கலம். அறம் அறன் ஆவது போல, கலம் கலன் ஆகும். அணிகலன் அப்படி வந்ததுதான். லத்தீனில் 'சேர்த்துப் பிடி' என்ற பொருளில் பிறந்தது கன்டெய்னர். நம் 'கொள்' அதே பிடிப்பைத் தருகிறது. கொள்ளளவு என்று இன்றும் சொல்கிறோமே. கொள்கலன் வினைத்தொகை என்பதால் கொண்ட, கொள்கின்ற, கொள்ளும் என்று முக்காலமும் அதற்குள் அடக்கம். கப்பலுக்கும் பாத்திரத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழிக்கு, கப்பலில் போகும் பெட்டிக்குப் பெயர் வைப்பது கஷ்டமா என்ன?

அந்தப் பெட்டியின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளோடு அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. ஏற்பாடு செய்தவர் மால்கம் மெக்லீன், லாரித் தொழிலில் இருந்தவர். அதற்கு முன் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று வந்ததையெல்லாம் ஆட்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றி இறக்கினார்கள். அந்த ஆட்களுக்குத்தான் பிரிட்டனில் 'டாக்கர்' என்று பெயர். பெட்டியின் அளவு ஒன்றாகிவிட்டதால் உள்ளே தேயிலையா தையல் எந்திரமா என்று கிரேனுக்குக் கவலையில்லை; அதனால் டாக்கர்களுக்கும் வேலையில்லை. லண்டனின் பழைய கப்பல்துறைகள் 1981க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கொள்கலன் யாருடைய வேலையைத் தின்றதோ அவருடைய பெயரையே கொள்கலன் மென்பொருளுக்கு வைத்திருக்கிறார்கள். வைத்தவர்களுக்கு இது தோன்றியதா என்று எனக்கு அடிக்கடி கேள்வி எழும்.

2013 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த பைத்தான் நிரல்மொழி மாநாட்டில், அதை உருவாக்கிய சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சில் டாக்கரை முதன்முதலாகக் காட்டினார். அது தீர்த்த தொல்லை, நிரலர்கள் எல்லோரும் ஒரு நாளாவது பட்ட தொல்லைதான்: "என் கணினியில் ஓடுகிறதே, உங்களிடம் ஏன் ஓடவில்லை?" நிரலையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்கள்) அமைப்புகளையும் ஒரே பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டால், போகிற இடத்தில் அதே போல ஓடும். பெட்டிக்குள் தனி இயங்குதளம் கிடையாது. கணினி இயங்குதளத்தின் கருவான கெர்னலை எல்லாப் பெட்டிகளும் பகிர்ந்துகொள்ளும். ஒன்றின் வேலை இன்னொன்றுக்குத் தெரியாதபடி இடையில் தடுப்பு இருக்கும். ஒரே கூரையின் கீழ் தனித்தனி அறை, தனித்தனிச் சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடுப்பு வித்தை டாக்கர் கண்டுபிடித்தது அல்ல. 2006ல் கூகுள் பொறியாளர்கள் இதில் ஒரு பகுதியை லினக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதத் தொடங்கியபோது 'ப்ராசஸ் கன்டெய்னர்' என்றுதான் அழைத்தார்கள். கன்டெய்னர் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே பொருள் மிகுந்துவிட்டது என்று, பிறகு 'கன்ட்ரோல் குரூப்' என மாற்றினார்கள். சொல் குழப்பம் நமக்கு மட்டுமில்லை!

டாக்கரில் 'இமேஜ்' என்று ஒன்று உண்டு; கொள்கலனுக்குள் இருக்க வேண்டியதையெல்லாம் கட்டிவைத்த மூலம் அது. படம் என்று மொழிபெயர்த்தால் தொலைந்தோம். படிமம் என்று எழுதுகிறார்கள், தப்பில்லை. ஆனால் படிமம் கேட்டவுடன் கோயில் சிலையும் கவிதையும் நினைவுக்கு வருகின்றன. நான் அச்சு என்பேன். ஓர் இமேஜிலிருந்து எத்தனை கொள்கலன் வேண்டுமானாலும் கிளப்பலாம், இமேஜ் அப்படியே இருக்கும். முறுக்கு அச்சும் அப்படித்தானே? முறுக்கைத் தின்றுவிடலாம், அச்சு டப்பாவுக்குள் திரும்பிப் போய்விடும். அப்புறம், நிறையக் கொள்கலன்களை மேய்க்கக் கூகுள் 2014ல் வெளியிட்ட குபர்னெட்டீஸ். கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். தமிழில் அவர் மீகாமன்.

சரி, இன்டர்காம். 'இடையே' என்ற லத்தீன் முன்னொட்டும் கம்யூனிகேஷனும் சேர்ந்து, பிறகு வால் வெட்டுப்பட்ட சொல் இது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்துக்குள் விமானியும் துப்பாக்கிக்காரரும் பேசிக்கொண்டது இன்டர்காமில்தான். இன்று அடுக்குமாடிக் காவலாளி "சார், கொரியர் வந்திருக்கு" என்பதும் அதில்தான். எல்லாமே கட்டடத்துக்குள், வண்டிக்குள் நடக்கும் பேச்சு. ஆகவே தொலைபேசி, கைபேசி வரிசையில் உள்பேசி என்றால் பொருந்தும்.

அயர்லாந்துக்காரர்கள் நால்வர் 2011ல் தொடங்கிய இன்டர்காம் என்ற நிறுவனமோ இந்தப் பொருளைத் தலைகீழாக்கிவிட்டது. வலைப்பக்கத்தின் வலது மூலையில் ஒரு வட்டம், அழுத்தினால் பேச்சுப்பெட்டி; வெளியே இருக்கும் வாடிக்கையாளர் உள்ளே இருப்பவரிடம் பேசுகிறார். எந்த வழியில் கேட்டாலும் கேள்வி ஊழியர்களின் பொதுப் பெட்டிக்கு வந்து சேரும். பழைய பேச்சும் கூடவே தெரியும். ஆகவே இந்தப் பெயரை உள்பேசி என்று மொழிபெயர்த்தால் பொருளே கெட்டுவிடும். நிறுவனத்தின் பெயர் பெயராகவே இருக்கட்டும். அந்த வகை மென்பொருளுக்கு 'வாடிக்கையாளர் தொடர்புத் தளம்' என்று எழுதலாம். சென்னையில் 2010ல் பிறந்த ஃப்ரெஷ்டெஸ்க்கும் ஏறத்தாழ இதே தெருக்காரர்தான். தளம் என்ற சொல்தான் கொஞ்சம் உறுத்துகிறது. இணையதளம், இயங்குதளம், ராணுவத் தளம், மொட்டை மாடித் தளம் என்று அது ஏற்கெனவே ஓவர்டைம் பார்க்கிறது. வேறு நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

வாடிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. தெலுங்கில் வாடு என்றால் பயன்படுத்து, வாடுக என்றால் வழக்கம்; அந்த உறவில் வந்தது நம் வாடிக்கை. ஆங்கிலக் கஸ்டமரும் வழக்கம் என்று பொருள்படும் கஸ்டம் என்ற சொல்லிலிருந்து பிறந்தவர்தான். திரும்பத் திரும்ப வருபவர் என்பதே இரு மொழியிலும் கரு. பால்காரரிடம் 'நாங்க வாடிக்கை' என்கிறோமே, அதே வாடிக்கைதான்.

நண்பரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "டாக்கர் உங்க தளத்தை ஓட வைக்கிறவர் பார்த்துக்க வேண்டிய பெட்டி. அதோட எஞ்சின் இலவசம், உங்க கடை அளவுக்கு மேசைக்கணினிப் பதிப்புக்கும் காசு கிடையாது. இன்டர்காம் உங்களுக்கும் புடவை வாங்குறவங்களுக்கும் நடுவுல இருக்கிற பேச்சுப்பெட்டி. அதுக்கு ஆள் கணக்கில் சந்தா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "வாங்குறவங்க எல்லாம் வாட்ஸ்அப்லதான் கேக்குறாங்க" என்றார்.