சி.ஜே.யின் தொப்பை எந்த முகவரியில் இருக்கிறது?

வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகளில் ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர்கள் நிறைய இருந்தன. அப்பாவின் வைத்தியத்துக்காக வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளப் பையனும், தோட்டப்பாளையத்துப் பையனும் அடுத்தடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ ஆடுவார்கள். 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்கும் 2005-இல் கம்ப்யூட்டருக்கும் வந்த கேம் அது. அதன் நாயகன் சி.ஜே. பர்கர் தின்றுகொண்டே இருந்தால் தொப்பை போடுவான். ஜிம்முக்குப் போனால் உடம்பு முறுக்கேறும். சைக்கிள் மிதித்தால் இளைப்பான்.

திரையில் இதற்கெல்லாம் ஒரு பட்டைதான் காட்டுவார்கள், எண் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் தொப்பையை எண்ணாகத்தான் வைத்திருக்க முடியும். அந்த எண் ராம் நினைவகத்தில் எங்கோ ஓர் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். அதன் அளவும் தெரியாமல், இருக்கும் இடமும் தெரியாமல் அதைத் தேடிப் பிடிக்கலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

முதலில் சுலபமான வழியைப் பார்ப்போம். கையில் 500 ரூபாய் இருப்பதாகத் திரையே சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸில் ‘சீட் எஞ்சின்’, லினக்ஸில் ‘ஸ்கேன்மெம்’ போன்ற மென்பொருள்கள், ஓடிக்கொண்டிருக்கும் கேமின் நினைவகத்தைப் படிக்க ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் அனுமதி வாங்கி, அதில் 500 எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடும். நினைவகம் பைட் பைட்டாக எண்ணிடப்பட்டது, அந்த எண்தான் முகவரி; ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் கொள்ளும். ஆகவே 500 என்பது 244, 1 என்று இரண்டு பைட்டாக உட்கார்ந்திருக்கும். 244-உடன் 1 முறை 256-ஐக் கூட்டினால் 500. சின்னப் பகுதி முன்னால், பெரிய பகுதி பின்னால் என்பது நாம் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்களின் வழக்கம்.

முதல் தேடலில் ஆயிரக்கணக்கான இடங்கள் வரும். பெரும்பாலும் தற்செயலாக அங்கே 500 இருந்திருக்கும். கேமுக்குள் போய் ஏதாவது வாங்கி 480 ஆக்கிவிட்டு, கிடைத்த இடங்களில் மட்டும் 480-ஐத் தேடினால் கைவிரலில் எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடும். இன்னொரு செலவு செய்தால் ஆள் அகப்பட்டுவிடும்.

தொப்பைக்கு இது செல்லாது. தேடுவதற்கு எண்ணே இல்லையே!

சத்துவாச்சாரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே மீட்டர் பெட்டியில் வரிசையாக இ.பி. மீட்டர்கள். வீட்டு எண் எழுதிய பெயின்ட் எப்போதோ உரிந்துபோயிற்று. உங்கள் மீட்டர் எது? ரீடிங் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மேலே ஒருவரை வாட்டர் ஹீட்டரைப் போடச் சொல்லுங்கள். எந்தச் சிவப்பு விளக்கு வேகமாகச் சிமிட்ட ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் ஏசி போட்டிருந்தால் இரண்டு மீட்டர்கள் வேகம் பிடிக்கும். அதனால் ஹீட்டரை நிறுத்தி, மறுபடி போட்டு, மறுபடி நிறுத்திப் பாருங்கள். நான்கு தடவையும் உங்கள் சொல்லுக்கு ஆடுவது ஒரே மீட்டர்தான்.

நினைவகத்திலும் இதேதான். மதிப்பு தெரியாது என்று சொல்லி முதல் ஸ்கேனைத் தொடங்கினால், மென்பொருள் மொத்த நினைவகத்தையும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். சி.ஜே.யை ஒரு பர்கர் தின்ன வைத்து, ‘அதிகமான இடங்களைக் காட்டு’ என்று கேட்க வேண்டும். சைக்கிள் மிதிக்க வைத்து, ‘குறைந்த இடங்களைக் காட்டு’. அப்புறம் முக்கியமான ஒன்று: எதுவுமே செய்யாமல் சும்மா நின்று, ‘மாறாத இடங்களைக் காட்டு’. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் விட்டுவிடுகிறார்கள். கடிகாரம், கேமரா, தெருவில் போகும் கார்கள் என்று நொடிக்குப் பல முறை மாறிக்கொண்டே இருக்கும் எண்களையெல்லாம் ஒரேயடியாக வெளியே தள்ளுவது இந்தச் சும்மா நிற்றல்தான்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. அடிபட்டிருக்கும்போது பர்கர் தின்றால் தொப்பையோடு உயிர் அளவும் ஏறும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? சாலட் வாங்கிக் கொடுங்கள். அந்த கேமில் சாலட் உயிரை ஏற்றும், கொழுப்பைத் தொடாது. சாலட் தின்றபின் ‘மாறாதவை’ என்று கேட்டால் உயிர் அளவு விலகிவிடும். சாப்பிட்டது எத்தனை தடவை என்று எங்காவது ஒரு கணக்கு ஓடினால் அதுவும் விலகிவிடும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைப்பது ஆய்வகத்தில் செய்யும் அதே வேலை. காட்பாடியில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு பாயிண்டர் (ஒரு முகவரியைக் குறித்து வைக்கும் இடம்) பாடத்தை இங்கிருந்து ஆரம்பித்தால் நன்றாக ஏறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாம் சரியாகச் செய்தும் கிடைக்கவில்லை என்றால், எண்ணின் வகையில் கோளாறு இருக்கலாம். உயிர் 100 என்றால் நினைவகத்திலும் 100 என்றே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. புள்ளிக்குப் பின்னும் இலக்கம் வைத்துக்கொள்ளும் ஃப்ளோட் வகையில் அதே 100 என்பது 0, 0, 200, 66 என்ற நான்கு பைட்டுகள். அதை முழு எண்ணாகப் படித்தால் 112,04,03,456 என்று வரும். முழு எண் வகையில் 100-ஐத் தேடுகிறவருக்கு அது கண்ணிலேயே படாது. சான் ஆண்ட்ரியாஸ் தொப்பையை வைத்திருப்பதும் ஃப்ளோட்டாகத்தான், 0 முதல் 1000 வரை.

ஒன்று கிடைத்துவிட்டால் அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் சேர்ந்த விஷயங்களைச் சேர்த்துத்தான் வைப்பார்கள். சான் ஆண்ட்ரியாஸில் கொழுப்புக்கு 4 பைட் தள்ளி ஸ்டாமினா, அதற்கு 4 பைட் தள்ளி தசை. மூன்றும் ஒரே வரிசையில் இருக்கின்றன.

இந்த வரிசை நகராது. ஆனால் உயிர் அளவு அப்படி இல்லை. சி.ஜே. என்ற ஆளே கேம் தொடங்கியபின் நினைவகத்தில் உருவாக்கப்படுகிறவன். இன்று இருந்த இடத்தில் நாளை இருக்கமாட்டான். அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்லும் முகவரி மட்டும் ஒரு நிலையான இடத்தில் எழுதியிருக்கும். அதுதான் பாயிண்டர். கம்ப்யூட்டர் கேமின் 1.0 பதிப்பில் அந்த முகவரிக்குப் போய் 1344 பைட் தள்ளிப் பார்த்தால் உயிர். இந்தத் தூரம் ஒவ்வொரு ஆட்டத்திலும் அதேதான். ஆன்லைன் கேம்களில் இந்த வேலையெல்லாம் நடக்காது. அங்கே முக்கியமான எண்கள் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும், நோண்டினால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். மற்றவர்களோடு போட்டி போடும் இடத்தில் அது நியாயமும்கூட.

எண்ணை வேண்டுமென்றே மறைத்து வைப்பதும் உண்டு. உயிரை 90 என்ற சாவியோடு ‘எக்ஸ்ஆர்’ செய்து வைத்தால், அதாவது இரண்டு எண்களையும் 0, 1 என்ற பிட்களாக எழுதி, ஒரே இடத்துப் பிட்கள் ஒத்திருந்தால் 0, வேறுபட்டால் 1 என்று போட்டால், 100 என்பது 62 ஆகும். உயிர் 99 ஆனால் 57. 96-க்கு இறங்கினால் 58! உயிர் குறைகிறது, நினைவகத்தில் எண் கூடுகிறது. ‘அதிகம்’, ‘குறைவு’ என்று கேட்பதில் பயனே இல்லை. ‘மாறியது’, ‘மாறாதது’ என்ற இரண்டு கேள்விகள்தான் மிஞ்சும்.

அப்போது எண்ணை விட்டுவிட்டு அதை எழுதும் நிரலைப் பிடிப்பார்கள். குறிப்பிட்ட இடத்தில் யாராவது எழுதினால் உடனே நிறுத்து என்று சொல்ல இன்டெல் வகை பிராசஸர்களில் நான்கு காவல் இடங்கள் வன்பொருளிலேயே இருக்கின்றன. நின்ற இடத்தில் பார்த்தால், சாவியைப் போட்டு எண்ணை மூடும் வரி கண்முன்னே இருக்கும்.

கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க கேம் கருவியில் வந்த போக்கிமான் கேம்களின் பூட்டும் இப்படி நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியதுதான். அதில் நீங்கள் பிடித்து வளர்க்கும் ஒவ்வொரு பிராணிக்கும், அதாவது போக்கிமானுக்கும், உங்கள்மேல் எவ்வளவு ஒட்டுதல் என்று 0 முதல் 255 வரை ஒரு எண் உண்டு. திரையில் எங்கும் வராது. கையோடு வரும் போக்கிமானுக்கு 100 பைட். அதில் 48 பைட்டை 12, 12-ஆக நான்கு துண்டு போட்டு, எக்ஸ்ஆர் செய்து, துண்டுகளின் வரிசையையும் கலைத்து வைத்திருப்பார்கள். நான்கு துண்டுகளை 24 விதமாக அடுக்கலாம். ஆனால் பூட்டைத் திறக்கத் தேவையானதெல்லாம் அந்த 100 பைட்டின் முதல் 8 பைட்டில் மூடாமலே கிடக்கிறது! முதல் நான்கு பைட்டில் போக்கிமானின் தனி எண், அடுத்த நான்கில் அதை வளர்ப்பவரின் எண். இரண்டையும் எக்ஸ்ஆர் செய்தால் சாவி. தனி எண்ணை 24-ஆல் வகுத்தால் வரும் மீதி, துண்டுகளின் வரிசையைச் சொல்லிவிடும். வளர்ச்சி விவரம் உள்ள துண்டைத் திறந்து 10-ஆவது பைட்டைப் படியுங்கள். அது 220-ஐத் தொட்டிருந்தால், உங்கள் கோல்பேட் என்ற போக்கிமான் அடுத்த லெவலில் குரோபேட்டாக உருமாறிவிடும்.