எத்தனை சட்டை வேண்டும் என்பதைக் கொடி சொல்லும்

வெப்பமான ஊருக்குப் பத்து நாள் விடுமுறையில் செல்பவர் பத்துச் சட்டைகளை எடுத்து வைப்பது வழக்கம். இந்தக் கணக்கில் ஒரு பிழை உண்டு. எடுத்துச் செல்ல வேண்டிய உடைகளின் எண்ணிக்கையை உண்மையில் முடிவுசெய்வது பயண நாட்கள் அல்ல. துவைத்த துணி உலர எடுத்துக்கொள்ளும் நேரம். இரவில் அலசிப் போட்ட சட்டை விடிவதற்குள் உலர்ந்துவிடுமானால் உடலில் ஒன்று, கொடியில் ஒன்று, அவசரத்துக்குப் பையில் ஒன்று என மூன்றே போதும். பயணம் பத்து நாளானாலும் முப்பது நாளானாலும் எண்ணிக்கை மாறாது. உலர்வதற்கு இரண்டு நாள் ஆகுமானால் நான்கோ ஐந்தோ தேவைப்படும். எனவே பையின் எடையைக் குறைக்க விரும்புபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஈரத்துணி எப்படி உலர்கிறது என்பதைத்தான்.

150 கிராம் எடையுள்ள ஒரு பருத்திச் சட்டையைக் கையால் பிழிந்த பிறகும் அதில் ஏறத்தாழ அதே அளவு தண்ணீர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கிலோகிராம் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 2,430 கிலோஜூல் வெப்பம் தேவை. ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் படித்தது இதுதான். அந்தக் கணக்கின்படி 150 கிராம் தண்ணீருக்கு ஏறக்குறைய 365 கிலோஜூல் வேண்டும். அதே 150 கிராம் தண்ணீரை 20 பாகையிலிருந்து கொதிநிலை வரை சூடாக்குவதற்கோ 50 கிலோஜூல் போதும். கொடியில் ஓசையின்றித் தொங்கும் ஒரு சட்டை, ஒரு குவளைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைப் போல ஏழு மடங்கு வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து மெல்ல மெல்ல வாங்கிக்கொள்கிறது. ஈரத்துணி எப்போதும் குளிர்ச்சியாக இருப்பதன் காரணமும் இதுவே.

வெப்பத்தைத் தருவதோடு, வெளியேறும் நீராவியை ஏற்றுக்கொள்ளக் காற்றில் இடமும் இருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் காற்று 20 பாகையில் அதிகபட்சம் 17 கிராம் நீராவியையும், 30 பாகையில் 30 கிராம் நீராவியையும் தாங்கும். சார்பு ஈரப்பதம், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் ஏற்கெனவே இருக்கும் பங்கு, 50 விழுக்காடாக இருக்கும் 30 பாகைக் காற்றில் இன்னும் 15 கிராமுக்கு இடம் மிச்சமிருக்கிறது. ஈரப்பதம் 80 விழுக்காடானால் 6 கிராமுக்கு மட்டுமே இடமுண்டு. வறண்ட வெயில் பகுதியில் துணி சில மணி நேரத்தில் உலர்வதற்கும், அதே வெப்பமுள்ள கடற்கரையில் மறுநாளும் பிசுபிசுப்பதற்கும் இந்த வேறுபாடே காரணம். இதிலிருந்து பலர் எதிர்பாராத ஒரு முடிவும் கிடைக்கிறது. இரவில் வெளியே 27 பாகையும் 85 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், பால்கனிக் காற்றில் 4 கிராமுக்கும் குறைவாகவே இடமிருக்கும். குளிரூட்டப்பட்ட அறையில் 25 பாகையும் 50 விழுக்காடும் இருந்தால் 11 கிராமுக்கு மேல் இடமிருக்கும். குளிரான அறையில் துணி உலராது என்று எண்ணி இரவில் அதை வெளியே தொங்கவிடுபவர், அதிக இடமுள்ள காற்றைவிட்டுக் குறைந்த இடமுள்ள காற்றைத் தேடிப் போகிறார்.

அறைக்குள் மின்விசிறி ஓடினால் இன்னும் நல்லது. ஈரத்துணியை ஒட்டிச் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு அசையாத காற்றுப் படலம் ஒன்று நின்றுகொண்டு நீராவியால் நிரம்பிவிடுகிறது; வீசும் காற்று அந்தப் படலத்தை மெலிதாக்குகிறது. சட்டையைக் கொடியில் இரண்டாக மடித்துப் போடும்போது மடிப்பின் உட்பக்கத்தில் இத்தகைய காற்று அடைபட்டுக்கொள்வதால், ஆவியாகும் பரப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

உலர்தல் இரண்டு கட்டங்களாக நிகழ்கிறது. முதல் கட்டத்தில் இழைகளுக்கு இடையே தேங்கிய தண்ணீர் ஆவியாகிறது. அதன் வேகம் எல்லாத் துணிகளிலும் ஏறத்தாழ ஒன்றே. பருத்தியா பாலியெஸ்டரா என்பதைக் காற்று பார்ப்பதில்லை. இரண்டாவது கட்டத்தில் இழையின் உள்ளேயே பிணைந்திருக்கும் தண்ணீர் வெளியேற வேண்டும், அப்போது வேகம் தளர்கிறது. பருத்தியின் செல்லுலோஸ் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் தண்ணீரைப் பிடித்துவைப்பதால், தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றும் பருத்திச் சட்டையின் தையல்களிலும் கழுத்துப்பட்டையிலும் ஈரம் மிச்சமிருக்கும். 20 பாகை வெப்பநிலையும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில், பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடும் கம்பளி சுமார் 16 விழுக்காடும் ஈரத்தை உட்கொண்டிருக்கும். பாலியெஸ்டரில் அது 0.4 விழுக்காடுதான். ஆனால் மொத்த நேரத்தைப் பெரிதும் முடிவுசெய்வது, துணி தொடக்கத்தில் எவ்வளவு தண்ணீரை ஏற்றுக்கொண்டது என்பதே. ஆகவே மெல்லிய பருத்திச் சட்டை, தடித்த பாலியெஸ்டர் சட்டையை உலர்வதில் முந்திவிடக்கூடும். கடையில் துணியின் பெயரைப் படிப்பதைவிட, அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது பயனுள்ளது என்பது என் கருத்து. ஜீன்ஸைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வேகமாக உலரும் பாலியெஸ்டருக்கு ஒரு குறை உண்டு. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பின் பாலியெஸ்டர் உடைகள் பருத்தி உடைகளைவிட அதிகமாக நாறியதும், மைக்ரோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் பாலியெஸ்டரில் செழித்து வளர்ந்ததும் தெரியவந்தன. எனவே அதை ஒவ்வொரு முறை அணிந்த பின்பும் அலச வேண்டியிருக்கும். மெல்லிய கம்பளிச் சட்டை நாற்றமின்றிப் பல நாள் தாங்கும் என்பதால், வெயில் ஊருக்குக் கம்பளியா என்று வியக்கத் தேவையில்லை. ஆயினும் அது உலரச் சற்று அதிக நேரம் எடுக்கும்.

ஆவியாக்குவதற்கு இவ்வளவு வெப்பம் செலவாகும் என்றால், தண்ணீரைத் திரவமாகவே வெளியேற்றிவிடுவது மிகப் பெரிய சேமிப்பு. பிழிந்த சட்டையை உலர்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, அந்தச் சுருளின் மேல் முழங்காலால் அழுத்தினால், துண்டின் நுண்ணிய இடைவெளிகள் நுண்புழைக் கவர்ச்சியால் தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன. ஒரு நிமிட உழைப்பில் கொடியின் பல மணி நேர வேலை மிச்சமாகிறது. தங்குமிடங்களில் துண்டு பெரும்பாலும் கிடைக்கும் என்பதால் இதற்கென்று எதையும் சுமக்க வேண்டியதுமில்லை.

சுமைக்கும் வியர்வைக்கும் இடையில் ஒரு சுழற்சியும் உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ பையுடன் நடக்கும்போது, உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ எடைக்கு ஏற்ப உயர்கிறது என்று கொண்டால், கூடுதலாகச் சுமார் 50 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு மணி நேரத்துக்கு அது 180 கிலோஜூல். அதை வெளியேற்ற 75 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். அதுவும் முழுமையாக ஆவியானால்தான். முதுகோடு ஒட்டிய பை அந்த இடத்தில் ஆவியாதலைத் தடுப்பதால் வியர்வை சட்டையிலேயே ஊறுகிறது. மாற்று உடைகளுக்காகக் கனத்த பையே, உடையை மாற்ற வேண்டிய நிலையை விரைவாகக் கொண்டுவருகிறது. தளர்வான உடை இங்கே உதவும்: நடக்கும்போது துணிக்கும் தோலுக்கும் இடையே காற்று புகுந்து வெளியேறி, ஈரக் காற்றைத் தள்ளிவிடுகிறது.

துணியைச் சுருட்டி வைத்தாலும் மடித்து வைத்தாலும் எடை ஒன்றே. சுருட்டும்போது கூரிய மடிப்புகள் விழாததால் சுருக்கம் குறையும், அவ்வளவுதான். பருத்தியின் சுருக்கம் ஈரத்தில் தளரும் பிணைப்புகள் வளைந்த நிலையிலேயே மீண்டும் இறுகுவதால் உண்டாகிறது; ஆகவே சற்றும் ஈரமுள்ள சட்டையைப் பையில் திணித்தால் அந்தச் சுருக்கம் நிலைத்துவிடும். பையின் எடையில் திரவங்களுக்கும் பங்குண்டு. ஷாம்பூவின் பெரும்பகுதி தண்ணீர். சோப்புக்கட்டி அந்தத் தண்ணீரைச் சுமக்க வைப்பதில்லை.

இவை அனைத்தையும் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பே வீட்டில் சோதித்துவிடலாம். எடுத்துச் செல்ல நினைக்கும் உடைகளை இரவில் நனைத்துப் பிழிந்து, துண்டில் சுருட்டி அழுத்தி, அறைக்குள் மின்விசிறியின் கீழ் தொங்கவிட்டு, காலையில் தையல்களைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஆவியாதல் நடந்துகொண்டிருக்கிறது. அந்த உடை வீட்டிலேயே இருக்கட்டும்.