திமிங்கில வீழ்ச்சி அல்ல, திமிங்கிலக் கிடை

போன வாரம் அண்ணன் மகள் பள்ளிக்கூட வேலைக்காக ஒரு கட்டுரையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். "திமிங்கில வீழ்ச்சியால் கடலடி உயிர்கள் செழிக்கின்றன" என்ற வரி வந்ததும் நிறுத்தினாள். "சித்தப்பா, அப்போ திமிங்கிலம் எல்லாம் அழிஞ்சு போறது கடலுக்கு நல்லதா?" அவள் மேல் தப்பே இல்லை. தமிழில் அந்த வரிக்கு அதுதான் பொருள். இந்தச் சொல்லை இதற்கு முன்பு நாலைந்து இடங்களில் பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்து போயிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு அப்புறம் முடியவில்லை.

ஆங்கிலத்தில் 'வேல் ஃபால்'. செத்த திமிங்கிலம் ஆழ்கடலின் தரையில் போய்த் தங்குவதும், அதைச் சுற்றிப் பல ஆண்டுகளுக்கு நடக்கும் வாழ்க்கையும் சேர்ந்தே அந்தப் பெயர். 1987இல் கலிபோர்னியாவுக்கு அப்பால், சாண்டா கேட்டலினா படுகையில், கிரெய்க் ஸ்மித் தலைமையிலான குழு ஆல்வின் நீர்மூழ்கியின் துணையோடு சுமார் 1,240 மீட்டர் ஆழத்தில் இப்படி ஒன்றைக் கண்டது. சதை போய்விட்டது. ஆனால் எலும்பைச் சுற்றிச் சிப்பிகள், நத்தைகள், பாக்டீரியாப் படலம் என்று ஒரு குடியிருப்பே இருந்தது. முதலில் சுறாக்களும் ஹேக்மீன்களும் சதையைத் தின்னும். சிதறியதைப் புழுக்கள் மேயும். அப்புறம் எலும்பிலுள்ள கொழுப்பைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது வரும் சல்ஃபைடை நம்பி இன்னொரு கூட்டம் பல பத்தாண்டுகள் வாழும். ஒசெடாக்ஸ் என்ற புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. எலும்புக்குள் வேர்விட்டு உறிஞ்சியே பிழைக்கிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'திமி' வடமொழியில் ஒரு பெருமீன். 'கில' என்றால் விழுங்குவது. அதனால் திமிங்கிலம்தான் மூல வடிவம், திமிங்கலம் அதன் திரிபு. 'ஃபால்' என்பது மேலிருந்து கீழே வருவது. மழைக்கும் பனிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

சரி, வீழ்ச்சியும் விழுவதுதானே என்பார்கள். இலங்கையில் மழைவீழ்ச்சி என்று பாடநூலிலேயே எழுதுகிறார்கள், அங்கே யாரும் குழம்புவதில்லை என்பார்கள். உண்மைதான். மழை விழுவதற்கென்றே இருக்கிறது. நீரும் அருவியில் அப்படித்தான். உயிரோடு இருக்கும் ஒன்றின் பக்கத்தில் வைத்தால் வீழ்ச்சி வேறு சொல்லாகிவிடும். சோழர் வீழ்ச்சி, பங்குச்சந்தை வீழ்ச்சி, பறவைகளின் எண்ணிக்கையில் வீழ்ச்சி. அதிலும் திமிங்கிலத்துக்கு அந்த வீழ்ச்சி நிஜமாகவே நடந்தது. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் கிட்டத்தட்ட 30 லட்சம் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். கொன்றவற்றைக் கப்பலில் ஏற்றி எண்ணெயாகக் காய்ச்சினார்கள். ஆழ்கடலுக்குப் போக வேண்டிய உடல்கள் போகவில்லை. எது கடலடியைப் பட்டினி போட்டதோ, அதன் பெயரையே கடலடிக்குச் சோறு போடுவதற்கும் வைத்திருக்கிறோம். பொருள் மங்கினால்கூடப் பொறுக்கலாம், இங்கே தலைகீழாகிறது.

'திமிங்கிலச் சடலம்' என்று எழுதுவோரும் உண்டு. அது உடலை மட்டும் சொல்கிறது. 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரைகளில் ஒதுங்கிச் செத்தவையும் திமிங்கிலச் சடலங்கள்தான். அவற்றை மணலில் புதைத்தார்கள். ஆழ்கடலுக்கு ஒன்றும் போகவில்லை.

நான் சொல்வது திமிங்கிலக் கிடை. கிட என்ற வினையிலிருந்து வந்தது; கிடையாய்க் கிடக்கிறார் என்கிறோமே, அது. அதைவிட முக்கியமாக, ஆட்டுக்கிடை. அறுப்பு முடிந்த வயலில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ராத்திரி ஆடுகளை அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். ஆடு போன பிறகும் அந்த வயல் தனியாகத் தெரியும், பயிர் கறுத்து நிற்கும். ஆழ்கடலில் நடப்பதும் இதுதான். 40 டன் திமிங்கிலம் ஒன்றில் சுமார் 2 டன் கரிமம் இருக்கிறது. அதற்குக் கீழே 50 சதுர மீட்டர் தரையில் சாதாரணமாக வந்து படியும் கரிமத்தோடு ஒப்பிட்டால் இது 2,000 ஆண்டு வரவு. காற்றுக்குத் திரும்பாமல் அது நெடுங்காலம் அடியிலேயே தங்குகிறது என்பதுதான் தட்பவெப்பத்துக்குக் கிடைக்கும் நன்மை.

திமிங்கிலக் கிடை என்றால் மந்தையாக அடைத்த இடமோ என்று யாராவது முதலில் நினைக்கலாம். ஒரு வரி விளக்கத்தில் அது தெளிந்துவிடும்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன்னால் வயலை ஒருமுறை பார்க்க வேண்டும். 'வேல் பம்ப்' என்பதைத் திமிங்கில விசையியக்கக் குழாய் என்கிறார்கள். எங்கே இருக்கிறது குழாய்? திமிங்கிலம் ஆழத்தில் இரை தின்று, மேலே வந்து கழிக்கிறது. அந்தக் கழிவிலுள்ள நைட்ரஜனில் நுண்பாசிகள் வளர்கின்றன. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள மெய்ன் வளைகுடாவில் திமிங்கிலங்களும் சீல்களும் இப்படி ஆண்டுக்குச் சுமார் 23,000 டன் நைட்ரஜனை மேலே சேர்க்கின்றன என்று 2010இல் கணக்கிட்டார்கள். அங்கே பாயும் ஆறுகள் எல்லாம் சேர்ந்து கொண்டுவருவதைவிட அது அதிகம். கீழே இருப்பதை மேலே கொண்டுவந்து பயிருக்கு ஊற்றுவதற்கு நம்மிடம் கிணற்றடியிலேயே ஒரு சொல் இருந்தது. அண்ணன் மகளின் நோட்டில் அதை 'திமிங்கில ஏற்றம்' என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றம் என்றால் என்ன என்று கேட்டாள், படம் வரைந்து காட்டினேன்.